கேட்டுக்குப் பக்கத்து இடம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை காபி இன்னும் இறங்கவில்லை. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம்புது சக்கர நாற்காலி ஒன்றை இறக்கினார்கள். என் பெயரைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. பெஹாலா மார்க்கெட்டுக்கு நடந்தே போய், இரண்டு கையிலும் பையோடு நடந்தே திரும்புகிறவன்.

மறுநாள் இன்னொரு நாற்காலி. வியாழக்கிழமை மூன்றாவது. இந்த முறை கூடவே ஒரு கட்டுக் கம்பளி. கொல்கத்தாவில்... மே மாதத்தில்!

எதிர் ஃபிளாட் போஸ் பாபு லுங்கியோடு ஓடி வந்தார். "கீ ஹோலோ, தாதா? உங்களுக்கு என்ன ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?" (இங்கே தாதா என்றால் அண்ணன். வேறு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள்.)

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சாவித்திரி வங்காளத்தில் பதில் சொன்னாள். "அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு லெட்டர் எழுதினார். அதன் விளைவு."

உண்மைதான். லெட்டர் எழுதினேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டப் போகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பெரிய குளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளக் கமிட்டி தூண்டில்காரர்களுக்கு டிக்கெட் விற்கும். கரையைச் சுற்றி மூங்கில் மேடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். காலையில் ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். கையை விட்டு எடுக்க வேண்டும். எந்த நம்பர் வருகிறதோ, மாலை வரை அதுதான் உங்கள் ராஜ்யம். ஆழமான மூலை வந்தால் அன்றைக்கு நீங்கள் ஜமீன்தார். மேடான பக்கம் வந்தால் கொசுவுக்குச் சாப்பாடு.

இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வங்காளிக்கு இது ஒரு விரதம். சாப்பாடு மறந்து, பெண்டாட்டி போனை எடுக்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு... நம் ஊர்க் கோயில்களில்கூட இவ்வளவு தியானம் பார்த்ததில்லை.

அங்கேதான் எனக்குத் துரைராஜ் பழக்கம். தூத்துக்குடிக்காரர். இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு லாரி மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "போச்சு அண்ணாச்சி" என்பார், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர் மாதிரி. அவ்வளவுதான் அந்தக் கதை.

அவரோடு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பிஷுதா (தாதாவைச் சுருக்கிப் பெயரோடு ஒட்டினால் 'தா'). காளிகாட்டில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். இருபது வயதில் கண்பார்வை போனவர். எல்லோரும் தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்ப்பார்கள். இவர் தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மீன் கொத்துவதற்கு முன்னால் குமிழி விடுகிறதே, தாதா... உங்களுக்குக் கேட்கவில்லை?" என்று என்னை ஆச்சரியமாய்க் கேட்பார். எனக்கு இன்றுவரை கேட்டதில்லை.

இன்னொருத்தி மிதாலி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழந்தையில் வந்த போலியோ; சக்கர நாற்காலிதான். என்னைக் காக்கு, அதாவது சித்தப்பா என்று கூப்பிடுவாள். தப்பாய்ப் பேசினால் டீச்சர் மாதிரியே முறைப்பாள்.

இந்த மூன்று பேருக்கும் ஒரு நாள் ஈமெயில் வந்தது. தாய்லாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தூண்டில் போட்டி. மிதாலி சத்தமில்லாமல் வீடியோ அனுப்பியிருக்கிறாள். அணியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். போக வரச் செலவும் தங்கும் செலவும் நம்முடையது. மே மாதக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம், வரிசையில் காத்திருக்கும் அடுத்த அணிக்கு.

துரைராஜிடம் நான் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கேயே பிடிக்கிறீர்களே... மீனைத் தேடி அவ்வளவு தூரம் போகணுமா?"

அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். தூண்டில்காரர் தூண்டிலைக் கீழே வைத்தால் விஷயம் பெரிசு.

"அண்ணாச்சி, அந்த டின்னுக்குள்ள நான் கைய விட்டு என்னிக்காவது பாத்திருக்கீயளா?"

யோசித்தேன். இல்லை.

"விட்டாத்தானே பாப்பீய! நாங்க மூணு பேரும் வந்தம்னா, கமிட்டிக்காரங்க குலுக்கலுக்கு முன்னாலயே கேட்டுக்குப் பக்கத்துல இருக்க மூணு எடத்தக் குடுத்துருவாங்க. நடக்க வேண்டாம், ஏற வேண்டாம்... நல்ல மனுசங்கதான். ஒண்ணும் சொல்லப்பிடாது. ஆனா அங்க தண்ணி முட்டளவு. அங்க வர மீனுக்கு என்ன கிறுக்கா? தாய்லாந்துல வாரவன் பூராம் எங்கள மாதிரி. அப்ப எல்லாருக்கும் குலுக்கல்தான? ஒரு தடவ... ஒரே ஒரு தடவ எனக்குன்னு வந்த எடத்துல உக்காந்து பாக்கணும். அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். மீதியை மினிபஸ்ஸிலும் மீன் மார்க்கெட்டிலும் மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். இங்கிலீஷை ஆபீஸ் டைப்ரைட்டர் சொல்லிக் கொடுத்தது.

அந்த டைப்ரைட்டர் இங்கிலீஷை நம்பித்தான், "நீங்கதான் வாரா வாரம் எழுதுதீயளே, ஸ்பான்சர் கேட்டு ஒரு லெட்டர் போடுங்க" என்று துரைராஜ் என்னிடம் வந்தார். மூன்று பேர் வீட்டிலும் பகலில் ஆள் இருக்காது என்று பதில் வர என் விலாசத்தையே கொடுத்தோம்.

எழுதினேன். இரண்டு பக்கம். முதல் பாரா துரைராஜின் கால். இரண்டாவது பாரா பிஷுதாவின் கண். மூன்றாவதில் மிதாலியின் குழந்தைப் பருவம். நாலாவதில் விதியைத் திட்டினேன். படித்துக் காட்டியபோது சாவித்திரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போதே எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டாமா? அடிக்கவில்லை. பெருமையாக இருந்தது. ஏழெட்டுக் கம்பெனிகளுக்கு நகல் அனுப்பிவைத்தேன்.

தாய்லாந்து, போட்டி, ஸ்பான்சர் எல்லாம் இரண்டாம் பக்கத்தில், கடைசிப் பாராவில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் இரண்டாம் பக்கம் வரை படிக்கிறார்களா? முதல் பக்கத்திலேயே கண் கலங்கி, செக்ரெட்டரியைக் கூப்பிட்டு, "ஒரு வீல்சேர் அனுப்பிவிடு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலில் மூன்று புது நாற்காலி, மிதாலியோடு வந்தது ஒன்று. நடக்க இடமில்லை. பிஷுதா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். "ஷோரூம் திறந்துவிட்டீர்களா, தாதா?"

மிதாலி லெட்டரின் நகலைக் கேட்டாள். அதுவரை அவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அவள் உரக்கப் படிக்க, படிக்க... நான் சோபாவுக்குள் புதைந்துகொண்டே போனேன்.

துரைராஜ்தான் முதலில் பேசினார். "அண்ணாச்சி, என் காலப் பத்தியே பதினோரு வரி எழுதியிருக்கீய. அது இருந்த காலத்துலகூட நான் அதப்பத்தி இவ்வளவு யோசிச்சதில்ல."

"மீன் என்கிற வார்த்தை எத்தனை தடவை வருகிறது?" என்றார் பிஷுதா.

மிதாலி எண்ணினாள். "ஒரே தடவை."

"ஒரு தூண்டில்காரனைப் பற்றி எழுதி, மீன் ஒரே தடவையா!" அவருக்குக் கண்ணைப் பற்றி எழுதியதில்கூட வருத்தமில்லை. இதில்தான் மனசு உடைந்துவிட்டது.

மிதாலி காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள். "காக்கு, நீங்களும் எங்களைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டீர்களே."

அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு ருசிக்கவில்லை.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்குப் பத்து நாள். இரண்டாவது லெட்டரை அவர்கள் சொல்ல, நான் எழுதுவது என்று ஏற்பாடு. யாருக்கு எழுதுவது? மிதாலி கணக்கு டீச்சர் மாதிரி யோசித்தாள். "யாருக்கு நம்மால் ஆதாயம்? துரைதா, உங்கள் சாரில் என்ன போடுகிறீர்கள்?"

சார் என்பது மீனைக் கூப்பிடக் குளத்தில் தூவுகிற கலவை. ஆளுக்கு ஒரு கைப்பக்குவம். நாலைந்து நாள் ஊறவைத்த புண்ணாக்கு, வறுத்த வெந்தயம், வசம்பு, கோரைக்கிழங்கு... அதற்கு மேல் என்னவென்று கொன்றாலும் சொல்லமாட்டார்கள். துரைராஜ் வீட்டில் சார் ஊறுகிற வாரம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறக்காது.

"அதெல்லாம் வெளிய சொல்லப்பிடாது" என்றார் துரைராஜ். "என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

"முழுக்கச் சொல்ல வேண்டாம். புண்ணாக்கு யார் மில்லுடையது? அதை மட்டும் சொல்லுங்கள்."

"அதுலதாம்மா சூட்சுமமே இருக்கு!"

பிஷுதா சிரித்தார். "முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன ரகசியம், துரை? இதைக் காப்பாற்றி இதுவரைக்கும் நீ பிடித்த திமிங்கிலம் எத்தனை?"

துரைராஜ் மூன்று புது நாற்காலிகளையும் பார்த்தார். அப்புறம் பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கடுகெண்ணெய் மில்லின் பெயரைச் சொன்னார். சாந்த்ராகாச்சிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற மில்.

இரண்டாவது லெட்டர் அரைப் பக்கம்தான். இப்படித் தொடங்கியது: 'ஐயா, இது உங்கள் எண்ணெயைப் பற்றிய கடிதம் அல்ல. புண்ணாக்கைப் பற்றியது.' மற்றதெல்லாம் மீன். ரோகு எப்படிக் கொத்தும், கட்லா எப்படி இழுக்கும், ஒன்பது மில்லின் புண்ணாக்கைச் சோதித்ததில் மீன் எதைத் தேடி வந்தது, தாய்லாந்தில் எப்போது போட்டி... காலும் கண்ணும் ஒரே வரியில்: 'மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி என்பதால் நாங்கள் தகுதி உள்ளவர்கள்.' முற்றுப்புள்ளி.

நாலாம் நாள் மில்லிலிருந்து போன். நேரில் வரச் சொன்னார்கள்.

மில் வாசலிலேயே கடுகு நெடி கண்ணைக் கரித்தது. பிஷுதா மூக்கை உயர்த்தி, "இதேதான்!" என்றார், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. முதலாளி லோகேஷ்ஜி மெலிந்த மனிதர். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். எல்லோருக்கும் லட்டும் டீயும் வரவழைத்தார். லெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முப்பது வருஷமாய் மில் நடத்துகிறேன்" என்றார் ஹிந்தியில். "எண்ணெயைத் திட்டிக் கடிதம் வரும். புகழ்ந்தும் வரும். புண்ணாக்கைப் பற்றி ஒருவர்கூட எழுதியதில்லை." முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உள்ளே ஒரு விமானம் கிளம்பிவிட்டது.

"சரி, பிடித்த மீனை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

ஒரு வங்காளியிடம் கேட்கலாமா இந்தக் கேள்வியை? பிஷுதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தலையைப் பருப்பில் போடுவோம், சேட்ஜி. நடுத்துண்டு கடுகு அரைத்துவிட்டு... உங்கள் எண்ணெயில்தான்! வாலை மொறுமொறு என்று வறுத்து..." முள்ளை எடுக்கிற பக்குவம் வரைக்கும் போய்விட்டார். மிதாலி அவர் முழங்கையை இடிக்கிறாள், மனிதருக்கு உறைக்கவில்லை.

லோகேஷ்ஜி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சிரிப்பு இருந்த இடம் காலி.

"நான் சுத்த சைவம். என் வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. ஒரு உயிர் சாவதற்கு என் பெயரை எப்படிப் போடுவேன்?"

துரைராஜ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார், எழுந்திருக்க. மாதக் கடைசிக்கு ஐந்து நாள். வேறு யாரிடமும் எழுதிக் கேட்க அவகாசம் இல்லை.

மிதாலி போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஜி, ஒரு நிமிஷம். அங்கே போட்டி விதி வேறு." படித்தாள். பிடித்த மீனை எடை பார்க்க வேண்டும். உதட்டில் தூண்டில் முள் குத்திய இடத்தில் மருந்து போட வேண்டும். உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். செத்தால் பிடித்தவருக்கு மைனஸ் மார்க்.

இந்த விதியை முதலில் கேட்ட அன்று பிஷுதா மதியச் சாப்பாட்டை வெறுத்தவர். "விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?" என்று ஒரு வாரம் புலம்பினார்.

"மருந்தா?" என்றார் லோகேஷ்ஜி. "யாருக்கு?"

"மீனுக்கு."

"வலிக்குமா அதற்கு?"

நான் மனசுக்குள் வேண்டினேன்... வலிக்காது என்று சொல்லிவிடு, பெண்ணே. அவள் சொல்லவில்லை. "வலிக்கும்னுதான் நினைக்கிறேன், ஜி. பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போகும்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே அடுக்கியிருந்த புண்ணாக்கு மூட்டைகளைப் பார்த்தார். "என் புண்ணாக்கைத் தின்றுவிட்டு, எடை பார்த்துக்கொண்டு, மருந்தும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்... அப்படித்தானே?"

"அப்படித்தான், ஜி."

"இங்கேயும் அப்படியே செய்ய வேண்டும். போட்டி முடிகிறவரை, என் மில் பெயர் போட்ட சட்டையோடு ஒருவரும் மீனைக் கூடையில் போடக் கூடாது. சம்மதமா?"

மிதாலி சரி என்றாள். துரைராஜ் சரி என்றார். எல்லோரும் பிஷுதாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"குளத்து மீன் மட்டும்தானே, சேட்ஜி? மார்க்கெட் மீனைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையே?"

லோகேஷ்ஜிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மார்க்கெட்டுக்குப் போகும்போது சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள்!"

திரும்பும் வழியில் டாக்ஸியில் துரைராஜ் பாலத்தின்மேல் ஏறியதும் என் பக்கம் திரும்பினார். "கவனிச்சீயளா அண்ணாச்சி? கால் எப்படிப் போச்சுன்னு அந்த மனுசன் கேக்கவேயில்ல. புண்ணாக்க எத்தன நாள் ஊறப்போடணும்னுதான் கேட்டாரு."

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் உறுதிக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் விமானம். நாற்காலி அனுப்பியவர்களுக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். யாருக்குத் தேவையோ கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பக்கத்து தர்ம ஆஸ்பத்திரி வாங்கிக்கொண்டது. கம்பளி மட்டும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. டிசம்பர் வரட்டும்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகிறவரை.

துரைராஜ் கடுகு மஞ்சளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டி நேரே பிஸ்கட் டின் முன்னால் போய் நின்றார். பின்னாலேயே மற்ற இருவரும். கமிட்டி செக்ரெட்டரி பதறினார். "துரைதா, உங்கள் இடம்தான் தயாராக இருக்கிறதே!"

"அந்த மூன்று நம்பரையும் டின்னில் போடுங்கள்" என்றார் துரைராஜ், தூத்துக்குடி வாசனை அடிக்கும் வங்காளத்தில். "நாங்களும் சீட்டு எடுக்கிறோம்."

"எதிர்க்கரை வந்தால் எப்படிப் போவீர்கள்?"

"லேட்டாகப் போவோம்" என்றாள் மிதாலி. "மேடையில் நாற்காலி ஏறப் பலகை போட இரண்டு பேர் வந்தால் போதும்."

செக்ரெட்டரி தலையைச் சொறிந்தார். மூன்று துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதி டின்னில் போட்டார். குலுக்கினார்.

பிஷுதாவுக்கு ஆழமான மூலை! மிதாலிக்குக் கீழ்க்கரையில் நடுவாந்தரமான இடம். பதினோரு மணிக்குள் பிஷுதா ஒரு பெரிய கட்லாவை இழுத்துப் போட்டு, மருந்து தடவி, தண்ணீரில் விட்டார். குளக்கரை முழுக்க, யாரோ தாலிச் சங்கிலியைத் தண்ணீரில் எறிந்த மாதிரி ஒரு 'ஐயோ' எழுந்தது. அவர் மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போனாரா என்று கேட்காதீர்கள். சட்டையை மாற்றிக்கொண்டுதான் போனார்.

துரைராஜ்?

காலையில் டின்னுக்குள் கையை விட்டவர் நிதானமாகத் துழாவினார். ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். ஒன்றாம் நம்பர். கேட்டுக்குப் பக்கத்து இடம்.

செக்ரெட்டரிக்கு முகம் வேர்த்துவிட்டது. "இன்னொரு தடவை குலுக்கட்டுமா, தாதா?"

"டின்னைத் தொடாதீர்கள்!" என்று கத்தினார் துரைராஜ்.

சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பொடி மீன்கூடக் கொத்தவில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் கேலி செய்தான். நான் டீ வாங்கிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"நாசமாப்போன ராசி அண்ணாச்சி இது! குளத்தச் சுத்தி இத்தன எடம் கெடக்கு, எனக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க!"

திட்டிக்கொண்டே அந்தத் துண்டுச் சீட்டை நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.